பெட்டி பிரிக்காத பிரிட்ஜுக்கு எத்தனை வயது?

ஒரு பிரிட்ஜின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? தொழிற்சாலையில் செய்து முடித்த நாளிலிருந்தா, கடையில் பற்றுச்சீட்டு எழுதிய நாளிலிருந்தா, வீட்டில் பெட்டியைப் பிரித்து முதன்முதலாக மின்சாரம் கொடுத்த நாளிலிருந்தா? கல்முனையில் ஒரு மின்சாதனக் கடையின் முறைப்பாட்டு மேசையில் பல வருடம் இருந்தேன். "இது எத்தின வருசம் பாவிக்கும்?", எவ்வளவு காலம் உழைக்கும், என்று கேட்காமல் பொருள் வாங்கிப் போனவர் ஒருவரும் எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதல் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். எனக்கு இன்றுவரை தெரியாது.

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மகள் பிறந்தபோது விடுமுறை எடுத்தேன். விடுமுறை முடிகிற நேரம் அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டேன், பிறகு இன்னொரு மாதம், பிறகு கடிதம் கொடுத்துவிட்டேன். அது சரியான முடிவா என்று வாரத்தில் ஒரு நாளாவது யோசிக்கிறேன். கணவர் இந்த யோசனையைக் கேட்டுக் கேட்டு, இப்போது நான் வாயைத் திறந்ததும் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு காலை, என் மேசையில் இப்போது இருக்கும் ஷிஃபானா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். என்னை ராத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராத்தா, ஒரு சின்ன விசயம். கோவிக்கப்படாது."

"சொல்லு."

"ஒங்கட வாப்பா கடையில நிக்காரு. ஒங்கட தங்கச்சிட வீட்டுக்குப் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எடுத்திரிக்காரு. வாரண்டி அட்டையில திகதி போடவேணாமாம். 'என்ட மகள் இரிக்கக்குள்ள எல்லாருக்கும் அப்பிடித்தான் குடுத்தவ' எண்டு சொல்றாரு. மெய்யா ராத்தா?"

அடுப்பில் பால் பொங்குகிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. வாப்பா சொன்னது மெய்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வீடு ஒரே வருடத்தில் எழும்புவதில்லை. அத்திவாரம் ஒரு வருடம், கூரை ஒரு வருடம். சாமான்களும் அப்படித்தான், கையில் சல்லி வரும்போது ஒன்று, விலை கூடப்போகிறது என்று கேள்விப்பட்டால் இன்னொன்று. கட்டில், அலுமாரி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் கலியாணத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பே வந்து, ஆளில்லாத புது வீட்டில் பெட்டியோடும் பொலித்தீனோடும் நிற்கும். பிரித்தால் பழசு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வரும்போது பொலித்தீன் கிழியாமல் இருக்க வேண்டும்.

இதில்தான் அட்டையின் சிக்கல். வாரண்டி வாங்கிய நாளில் தொடங்கி இரண்டு வருடம். கலியாணம் நடக்கும்போது அதில் பாதி போயிருக்கும், சிலவேளை முழுவதும். ஆகவே பெண்ணைப் பெற்ற உம்மாமார் கேட்பார்கள்: "திகதியப் போடாமத் தாங்க மகள். கலியாணத்தண்டைக்கி நாங்க எழுதிக்கிறம்." நான் கொடுத்தேன். எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவரும் கொடுத்தார். என் சொந்தக் கலியாணத்துக்கு வாப்பா எடுத்த பிரிட்ஜின் அட்டையில் திகதியை எழுதியதே நான்தான், கலியாணத்துக்கு அடுத்த நாள் மருதாணிக் கையோடு.

வேலைக்குச் சேர்ந்தபோது உயர்தரம் வணிகப் பிரிவில் படித்து முடித்து, ஒரு கணினி வகுப்பும் முடித்திருந்தேன். முதல் வருடம் விற்பனைப் பக்கம். அதன் பிறகு கொழும்பில் மூன்று நாள் பயிற்சி. அதில் இரண்டு நாள் எப்படிச் சிரிப்பது என்று சொல்லித் தந்தார்கள். பிறகு திருத்தப் பிரிவின் முறைப்பாட்டு மேசை. என் மேலதிகாரி சிவநேசன் சேர், பாண்டிருப்பைச் சேர்ந்தவர். அவருக்குச் சிரிப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

முறைப்பாட்டுப் புத்தகத்தில் நான்கு நிரல்: வந்த நேரம், சொன்னது, கண்டது, செய்தது. இரண்டாவது நிரலில் வாடிக்கையாளர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும் என்பது சேரின் சட்டம். சேர்ந்த புதிதில் ஒரு பெண் சொன்னதை "சத்தம் வருகிறது" என்று எழுதியிருந்தேன்.

"அவ சத்தம் எண்டா சொன்னவ?" என்று கேட்டார்.

"இல்ல சேர். பிரிட்ஜ் பெருமூச்சு விடுது எண்டு சொன்னா."

"அப்ப அத எழுதுங்க பிள்ள. சத்தம் எண்டா நூறு விதம் இருக்கு. பெருமூச்சு எண்டா ஒண்டுதான்."

அவர் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. கம்ப்ரஸர் நின்றதும் குழாய்க்குள் காஸ் தணியும் சத்தம் அது, பழுதில்லை என்று தொலைபேசியில் சொல்லச் சொன்னார். இன்னொரு நாள் ஒருவர் வந்து, "சேர், எங்கட மெஷின் நடந்து நடந்து கதவுக்கு வந்திட்டு" என்றார்.

"எந்தக் கதவுக்கு?"

"குசினிக் கதவுக்கு."

சேர் முகத்தை அசைக்காமல் "குசினிக் கதவு" என்று எழுதினார். புது வாஷிங் மெஷின். ஏற்றி இறக்கும்போது உள்ளே இருக்கும் வாளி ஆடாமல் இருப்பதற்காகப் பின்னால் பூட்டி அனுப்பும் நான்கு ஆணிகளை வந்தவர் கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை என்று கேட்டதற்கு, "கம்பனிக்காரன் பூட்டினதுல நாம கை வெக்கப்படாது தானே" என்றார். பொருளைக் கெடுத்துவிடக்கூடாது என்ற பயத்திலேயே பொருளைக் கெடுப்பது எங்கள் ஊர்களில் நான் அதிகம் கண்ட பழுது. எனக்கும் அதே பயம் உண்டு. அதனால் குறையாகச் சொல்லவில்லை.

ஒரு பிரிட்ஜைப் பார்க்கும்போது சேருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அதை அவர் மாற்றியதை நான் கண்டதில்லை. முதல் கேள்வி, "வீடு மெயின் ரோட்டுக்குக் கடற்கரைப் பக்கமா, வயல் பக்கமா?" எங்கள் ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நாடா மாதிரிக் கிடக்கின்றன. கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று, துரு. வயல் பக்கம் என்றால் எலியும் கூடிக் குறையும் மின்சாரமும். பிறகு பிரிட்ஜின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கதைத்தால் பதில் வராது. ஒரு துண்டுக் கடதாசியைக் கதவோரத்து இறப்பர் பட்டிக்குள் வைத்து மூடி இழுப்பார். இலகுவாக வந்தால் இறப்பர் போய்விட்டது. பிடி வைத்த சிறிய கண்ணாடியைப் பின்னால் நீட்டிக் குழாய்களைப் பார்ப்பார். கடைசியாக, சவர்க்கார நுரையைக் குழாயின் பொருத்துகளில் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்.

தொடர் இலக்கத்தை அவர் வாசிக்க நான் எழுத வேண்டும். பிறகு நான் கடைசி எழுத்திலிருந்து முன்னுக்குத் திருப்பி வாசிக்க வேண்டும், அவர் சரி பார்ப்பார். அந்த இலக்கத்துக்குள்ளேயே செய்த வருடமும் மாதமும் ஒளிந்திருக்கும். அதைப் பிறந்த திகதி என்பார். நாங்கள் விற்ற அன்றே சில பொருட்களுக்கு ஒரு வயது முடிந்திருந்தது.

"எத்தின வருசம் பாவிக்கும்?" என்ற கேள்விக்கு அவர் ஒருநாளும் இலக்கம் சொல்லவில்லை. வீரமுனையில் இருந்து ஒரு விவசாயி உழவு இயந்திரப் பெட்டியில் பழைய பிரிட்ஜ் ஒன்றை ஏற்றி வந்தார்.

"இது முப்பது வருசம் ஓடினது. மகளுக்கு உங்கட கடையில எடுத்தது நாலாம் வருசமே படுத்திட்டு. என்ன கதை சேர் இது?"

"இதுக்குள்ள என்னண்ணே இருக்கு? ஒரு மோட்டார், ஒரு குழாய், ஒரு பல்பு. பழுதாப் போகவே சாமான் இல்ல. புதுசுக்கு மூளை வெச்சிருக்கான். கரண்ட் கூடிக் குறைஞ்சா முதல்ல போறது மூளை."

"அப்ப மூளை இல்லாதது ஒண்டு தாங்க."

"இருந்தா நானே எடுப்பன்."

விவசாயி சிரித்தார். சேர் பழைய பிரிட்ஜின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது முப்பது வருசம் ஓடல்ல அண்ணே. நாலு தரம் செத்துப் பிழைச்சிருக்கு. காஸ் ஏத்தியிருக்கு, மோட்டார் மாத்தியிருக்கு, இறப்பர் ரெண்டு தரம். அப்ப சாமான் கிடைச்சது. இப்ப ஒரு போர்டுக்குக் கொழும்பப் பாத்திருக்கணும், அது வரும்போது அந்த மொடல் நிண்டு போயிரும்" என்றார்.

பொருளின் ஆயுள் என்பது அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும் காலம் என்று நான் அன்று விளங்கிக்கொண்டேன். ஆனால் அதை விற்பனை மேசையில் சொல்ல முடியாது. பிரிட்ஜின் கதவில் "10 வருடம்" என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அது கம்ப்ரஸருக்கு மட்டும். சிறிய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானோ கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து, "பத்து வருசத்துக்கு ஒண்டும் யோசிக்கத் தேவல்ல" என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசிப்பேன். அடுத்தவர் வந்து கேட்பார், மறுபடியும் சொல்வேன்.

சுபைதா ராத்தாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். நிந்தவூர். மூன்று பெண்பிள்ளைகள், கணவர் மௌத்தாகிவிட்ட விதவை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, மூத்தவளுக்கு வீடு கட்டிக் கலியாணம் முடித்தார். இரண்டாவது மகள் ஹஸீனாவுக்கு வீடு கட்டி, கட்டார் நாட்டில் வேலை செய்யும் மாப்பிள்ளை ஒருவரும் பேசி முடித்திருந்தார். பிரிட்ஜ் எடுக்க வந்தபோது கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்து, ஒட்டியிருந்த "10" என்ற இலக்கத்தை விரலால் தொட்டார்.

"மெய்யாப் பத்து வருசமா மகள்?"

"ஓம் ராத்தா. பெட்டியப் பிரிக்காம வெச்சிரிங்க. கலியாணத்தண்டு பிரிச்சாப் போதும்."

"திகதி?"

"போடல்ல. நீங்க எழுதிக்கங்க."

அட்டையில் பெயர், விலாசம், தொடர் இலக்கம் எல்லாம் என் கையால் கறுப்பு மையில் எழுதி, திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அவர் அட்டையைக் கைப்பைக்குள் வைக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கலியாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வராமலே இருந்து, கடைசியில் பேச்சு முறிந்தது. இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் பேசி, ஹஸீனாவுக்குக் கலியாணம் நடந்தது. இந்த மாப்பிள்ளை ஒரு பாடசாலை ஆசிரியர். கலியாணம் முடிந்து மூன்றாவது வாரம் சுபைதா ராத்தா கடைக்கு வந்தார். பிரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. "சொன்னது" என்ற நிரலில், "ஓடுது, ஆனா உசிரில்ல" என்று எழுதினேன். அட்டையில் கலியாணத் திகதி நீல மையில் அழகாக எழுதியிருந்தது. ஆசிரியர் கை.

இதற்கிடையில் கம்பனியின் முறை மாறியிருந்தது. திகதி போடாத அட்டை கொடுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்து, நாங்கள் எல்லோரும் அதில் கையொப்பம் வைத்திருந்தோம். ஒவ்வொரு தொடர் இலக்கமும் எந்த நாளில் விற்கப்பட்டது என்று கொழும்பில் கணினியில் இருந்தது. அந்த வாரம் கம்பனியின் பிரதிநிதி ஒருவர் கடைக்கு வந்திருந்தார். அட்டையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே இரண்டு வருடமும் ஐந்து மாதமும்.

"இது திகதி திருத்தின அட்டை. ஆக்கள் இப்ப இதுக்கும் துணிஞ்சிட்டாங்க" என்றார்.

அப்போது காலை பத்து மணி. நான் அதே மேசையில் இருந்தேன். அட்டை அவர் கையில் இருந்தது, அதில் என் எழுத்து இருந்தது. திருத்தவில்லை, நான்தான் வெறுமையாகக் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. மகப்பேற்று விடுமுறைக்கான விண்ணப்பம் இரண்டு நாள் முன்புதான் கொடுத்திருந்தேன். சுற்றறிக்கைக்கு முன்பு கொடுத்த அட்டைதானே, வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. நாளைக்குச் சேரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "விடியச் சொல்லிரு" என்றார்.

விடிய எட்டு மணிக்குச் சொன்னேன். சேர் ஏன் என்று கேட்கவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, "கண்டது" என்ற நிரலில், "திகதியிடாத அட்டை எமது மேசையால் வழங்கப்பட்டது" என்று எழுதினார். பிறகு கேட்டார்:

"அட்டையப் பாத்தது நேத்து எத்தின மணிக்குப் பிள்ள?"

"பத்து மணிக்கு சேர்."

"அந்தாள் பின்னேரம் ரெண்டு மணிக்கு அட்டையில இருந்த நம்பருக்குக் கோல் எடுத்திட்டாரு."

அட்டையில் இருந்த நம்பர் மாப்பிள்ளையுடையது. திகதி எழுதும்போது அவரே எழுதியிருக்கிறார். திகதியை யார் எழுதியது என்று பிரதிநிதி கேட்டிருக்கிறார். நான்தான், மாமி எழுதச் சொன்னார் என்று அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இந்தப் பொருள் விற்கப்பட்டது இன்ன வருடம், இன்ன மாதம் என்று பிரதிநிதி சொல்லியிருக்கிறார். அந்த மாதத்தில் ஹஸீனாவுக்குப் பேசியிருந்தது கட்டார் மாப்பிள்ளை என்பது நிந்தவூரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

சேர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஹஸீனாவின் வீடு கடற்கரைப் பக்கம். வாசல் படலையில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். சுபைதா ராத்தாவும் ஹஸீனாவும் இருந்தார்கள், அவர்களோடு மாப்பிள்ளையின் உம்மாவும். முதல் நாள் பின்னேரமே வந்துவிட்டாராம். சேர் சலாம் சொன்னவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நேரே பிரிட்ஜ் இருந்த குசினிக்குப் போய், அதன் பக்கச் சுவரில் கையை வைத்து நின்றார். கடதாசி. கண்ணாடி. நுரை. அடிப்பக்கத்தில் ஒரு பொருத்தில் சின்னதாகக் குமிழ்கள் வந்தன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பூட்டிய வீட்டில், சீமெந்துத் தரையில், பொலித்தீனுக்குள் ஈரமும் உப்பும் அடைபட்டு அந்த இடத்தில் துரு தின்றிருந்தது. காஸ் முழுவதும் போய்விட்டது. பிரிக்காமல் வையுங்கள் என்று சொன்னவள் நான்.

முன்னறையில் கதை நடந்துகொண்டிருந்தது.

"புதுச் சாமான் எண்டுதானே சொன்னீங்க மதினி" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"புதுசுதானே. ஒரு நாள் கரண்ட் குடுத்திரிப்பமா? நீங்களே பாத்தீங்க, பொலித்தீன் இரிந்திச்சே."

"பொலித்தீனப் பாத்தன். வேற மாப்பிள்ளைக்குச் சுத்தின பொலித்தீன் எண்டு எழுதியா இரிந்திச்சு?"

ஹஸீனா எழும்பி அறைக்குள் போய்விட்டாள். நான் முன்னறைக்கு வந்து, மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். ராத்தா அட்டையைத் திருத்தவில்லை, திகதி போடாமல் கொடுத்தது நான், எங்கள் கடையில் எல்லோருக்கும் அப்படித்தான் கொடுத்தோம், பிழை என்னுடையது.

மாப்பிள்ளையின் உம்மா என்னையும் என் வயிற்றையும் பார்த்தார். கோபமாகக் கதைக்கவில்லை.

"இரிங்க மகள், நிக்காதீங்க. திகதி போடாதது ஒங்கட பிழதான், செரி. பெட்டி ஆருக்கு எடுத்தது எண்டது ஒங்கட பிழ இல்லியே."

 நேற்றுப் பத்து மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பே போயிருக்காது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சுபைதா ராத்தாவிடமும் சொல்லவில்லை. சேரும் சொல்லவில்லை. ராத்தா தேநீர் கொண்டுவந்து தந்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, "நீங்க நல்லதுக்குத்தானே மகள் செஞ்ச" என்றார்.

கடை முதலாளியிடம் பேசி, சேர் அந்தப் பிரிட்ஜைக் கடையின் பொறுப்பில் திருத்திக் கொடுத்தார். குழாயை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, காஸ் ஏற்றி, ஒரு நாள் கடையில் ஓடவிட்டுத்தான் அனுப்பினார். அது குளிர்ந்தது. இன்றும் ஓடுகிறதாம். கலியாணமும் உடையவில்லை, இப்போது ஒரு மகன் இருக்கிறான். ஆனால் மாப்பிள்ளையின் உம்மா அந்த வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜில் இருந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பதில்லை, பானையில்தான் எடுப்பார் என்று ஹஸீனாவோடு படித்த ஒருத்தி எனக்குச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்றாவது மகளுக்குச் சாமான் எடுக்கும்போது சுபைதா ராத்தா எங்கள் கடைக்கு வரவில்லை. அக்கரைப்பற்றுக்குப் போனார்.

நான் வேலையை விட்டதற்கு இது காரணமில்லை. அப்படித்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஷிஃபானாவுக்கு அன்று அரை மணித்தியாலம் கழித்து எடுத்தேன். "திகதியப் போடு" என்றேன். "ராத்தா, போடாட்டியும் இப்ப பிரயோசனம் இல்ல. விக்கிற நேரமே போன்ல பதியணும், வாங்கினாக்களுக்கு மெசேஜ் போயிரும்" என்றாள். அப்படியென்றால் ஏன் என்னிடம் கேட்டாய் என்றேன். "ஒங்கட வாப்பாவாச்சே, நான் எப்பிடி மறுக்கிற?" என்றாள். பிறகு, கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது என்றாள்: எத்தனை வருடம் பாவிக்கும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிவநேசன் சேர் இப்போது இல்லை, ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கடலுக்குக் கிட்டவா, தூரமா என்று முதலில் கேள் என்றேன். பிறகு? பிறகு எனக்குத் தெரியாது.

வாப்பா பின்னேரம் வந்தார்.

"நீயா போடச் சொன்ன?"

"ஓம் வாப்பா."

"ஊராக்களுக்கெல்லாம் போடாமக் குடுத்த. ஒன்ட கூடப் பொறந்தவளுக்கு மட்டும் போடச் சொல்லிட்டாய். நல்ல ஞாயம்."

தங்கைக்குக் கலியாணம் இன்னும் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. வீட்டில் கதவு பூட்டி, நிறம் அடித்தாகிவிட்டது. வீடு என் வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி, கடற்கரைப் பக்கம். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் முன்னறையில் பெட்டியோடு நிற்கின்றன. பெட்டியைப் பிரித்து ஓடவிடுவோம் என்று நான் சொன்னேன். வாரத்துக்கு ஒரு நாளாவது ஓடினால் குழாயும் இறப்பரும் இருக்கும், பழுது என்றால் வாரண்டிக்குள்ளேயே தெரிந்துவிடும். நிந்தவூரில் நான் கண்டதையும் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். உம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவங்க வீடு பாக்க வரக்குள்ள பொலித்தீன் இல்லாட்டி என்ன சொல்லுவாங்க? மூத்தவள்ட பழசக் கழுவித் தொடச்சி வெச்சிரிக்கம் எண்டு சொல்லுவாங்க. நீ கம்பனிக்கு வேல செஞ்ச, நான் இந்த ஊர்ல இரிக்கன்."

தங்கை பக்கத்தில் இருந்து, "ராத்தா, என்ட மாப்பிள்ளைக்கும் ஒரு வாரண்டி அட்டை எழுதித் தாங்களன். திகதிய மட்டும் மறந்திராதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வீட்டுப் பிரிட்ஜின் தொடர் இலக்கத்தை அன்று எழுதிப் பார்த்தேன். அட்டையின்படி அதற்கு ஏழு வயது. பிறந்த திகதியின்படி கிட்டத்தட்ட ஒன்பது. மகளின் காய்ச்சல் மருந்து அதற்குள் இருக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். காலையில் பார்க்கிறேன், பின்னேரமும் பார்க்கிறேன்.

புது வீட்டின் திறப்புச் சாவி வாப்பாவிடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் பள்ளிக்குப் போகும்போது என்னிடம் தந்துவிட்டுப் போவார். நான் போய் யன்னல்களைத் திறந்துவிடுவேன். பெட்டிகளுக்குக் கீழே பலகை வைத்தாகிவிட்டது. எலி வராமல் மூலைகளில் பூச்சி உருண்டை போட்டிருக்கிறேன். பெட்டியின் அடியில் கையை நுழைத்து ஈரமா என்று தொட்டுப் பார்க்கிறேன். மகளும் பக்கத்தில் குந்தியிருந்து தொட்டுப் பார்க்கிறாள். பிரிப்பதற்கு ஒரு கத்தி போதும். இரண்டு வெள்ளிக்கிழமை கைப்பைக்குள் கத்தியைக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தேன்.

இதைக் கேட்க வேண்டியவர் சுபைதா ராத்தா. மூன்றாவது மகளின் பிரிட்ஜை அவர் பிரித்து வைத்தாரா, பிரிக்காமல் வைத்தாரா, மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொன்னார் என்று அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்பதற்கு முன் அந்தப் பத்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்கு இன்னும் முடியவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கலியாணத்துக்கு முன்பே சாமான்களைப் பிரித்து ஓடவிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீடு பார்க்க வந்தவர்களிடம் முதலில் யார் சொன்னது, உம்மாவா, பெண்ணா? என்ன சொல்லிச் சொன்னீர்கள்? தங்கை பேச்சு வாங்காமல் இருக்கப் பிரிக்காமல் விடுவதா, பிறகு பேச்சு வாங்காமல் இருக்க இப்போதே பிரிப்பதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வியாழக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறப்பு என் கைக்கு வருகிறது.